வடைக்குப் பந்தயம் கட்டியவர்

பந்தயம் கட்டாமல் அவர் ஒரு பேச்சை முடித்து நான் கேட்டதில்லை. மழை வரும் என்பார். வராது என்று எதிரே நிற்பவர் வாய் திறப்பதற்குள், "இன்னா பந்தயம்?" என்று கையை நீட்டிவிடுவார். பணம் வைக்கமாட்டார். வைப்பது எப்போதும் தின்கிற பொருள்தான். மசால் வடை, போண்டா, பன். விஷயம் பெரிதென்றால் ஒரு முட்டை தோசை.

"காசு வெச்சா சூதாட்டம் சார். வடை வெச்சா வெறும் பேச்சு."

ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். அவர் மழை என்று கை நீட்டிவிட்டால், முள்ளிப்பட்டு நெசவாளர்கள் அன்றைக்குத் தைரியமாகப் பட்டுப் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டலாம் என்று ஒரு கேலி உண்டு. தோற்பதில் அவருக்கு வருத்தமே கிடையாது. பஸ் நிலையத்து டீக்கடைக்கு ஜெயித்தவரைத் தானே இழுத்துப் போவார். "சட்னிய நல்லா ஊத்துப்பா, தோத்தவ வாங்கித் தர்றேன்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

ஆரணிக்கும் முள்ளிப்பட்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். நாற்பதை ஒட்டிய வயது, புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. டவுனிலிருந்து முதலாளிகள் கொடுத்தனுப்பும் பட்டு நூலும் ஜரிகையும் நெசவு வீடுகளுக்குப் போவதும், நெய்து முடித்த புடவை திரும்பி வருவதும் பாதி அவர் வண்டியில்தான். இப்போது அவர் இங்கே இல்லை. போன வருஷம் ஓசூர் பக்கம் கல்யாணம் செய்துகொண்டு போனார். மாப்பிள்ளை சின்னதாக மெஸ் வைத்திருக்கிறார். "வடைக்கு இனிமே பஞ்சமில்ல சார்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

என் மகனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இதை ஒரு வரியாக எழுத எனக்குச் சில வருஷங்கள் ஆகியிருக்கின்றன. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லாமல் முடியாது.

அவன் செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறான். கூட வேலை செய்கிறவரின் மனைவிக்குப் பிரசவம், ரத்தம் வேண்டும் என்று போனான். கொடுத்துவிட்டு வந்தவனைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவன் எங்களிடம் சோறு, குழம்பு, சரி, வேண்டாம் என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. அவன் அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். நான் ராத்திரி எழுந்து போய் அவன் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். இருபத்தாறு வயது ஆளின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிற அப்பன் நான்.

தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மருந்துக்கு அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவனுக்கு முகக்கவசம், எனக்கு முகக்கவசம், அதற்கு மேல் ஒரு தொப்பி. நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர் பெஞ்சில் காக்கிச் சட்டையோடு ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரணியா சார்?"

"இல்லைங்க. காட்பாடி."

"காட்பாடியா? பந்தயம். ஒரு வடை."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மொகத்த மூடிகினீங்க, பைய மூட வேணாமா?" என்றார்.

மடியில் பார்த்தேன். எங்கள் கடைப் பை. நான் மேலாளராக இருக்கிற பட்டுக் கடை. கடைப் பெயருக்குக் கீழே 'ஆரணி' என்று சிவப்பில், தூரத்திலிருந்தும் படிக்கிற மாதிரி. பையைச் சுருட்டிச் சட்டைக்குள் திணிக்கப் பார்த்தேன்.

"விடுங்க சார், இன்னும் பெரிசா தெரியுது. ஆரணிக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு அத்தினி பேரும் இங்க வராங்க. யாருன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இந்த வராண்டாவுல உங்க கடைப் பை இன்னும் ரெண்டு கீது. வேலூர்க்காரங்க எங்க போறாங்கன்னு நெனைக்கிறீங்க? திருவண்ணாமலைக்கு."

என் பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. என் மகன் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவரும் மாத்திரை வாங்கத்தான் வந்திருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் சாப்பிடுகிறாராம். "ஒடம்ப பாருங்க, நான் ஒக்காந்தா ஆட்டோவே ஒரு பக்கம் சாயுது. மாத்திரை சாப்பிட்டா இளைச்சிடுவோம்னு எவனாவது சொன்னா எங்கிட்ட அனுப்புங்க." புதிதாக வருகிறவர்களைக் கூட உட்கார்ந்து பார்த்துக்கொள்வதைத் தானாகவே செய்துகொண்டிருந்தார். மகன் உள்ளே டாக்டரைப் பார்க்கப் போனதும் நான் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"எப்படி வந்ததுன்னே சொல்ல மாட்டேங்கறாம்மா. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை..."

"வந்த வழிய தெரிஞ்சிகினு இன்னா சார் பண்ணப் போறீங்க? அந்த வழியாவே திருப்பி அனுப்பப் போறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வழி தெரிய வேண்டாம். அவன் உள்ளே என்னவோ அழுத்திக்கொண்டிருக்கிறது, அதை வெளியே சொன்னால் பிழைத்துக்கொள்வான், சொல்லாவிட்டால் பிழைக்கமாட்டான் என்று என் வயிறு சொல்லிக்கொண்டே இருந்தது. காட்பாடி என்று பொய் சொன்னதற்காக வடை மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

பயந்தது போலவே நடந்தது. அவன் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு பைக் வாங்கினான். ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும். குடித்துவிட்டு ஓட்டினான். ஆற்றுப் பாலத்தில் விளக்கை அணைத்துவிட்டு வேகமாகப் போகிறான் என்று அவன் நண்பன் ஒருவன் என் கடைக்கே வந்து சொன்னான். நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். தினமும் அவன் மாத்திரை டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. அந்தமட்டில் நிம்மதி. ஒருநாள் மாடியில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாக என்னவோ கரைந்து கிடந்தது.

பஸ் நிலையத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

"செடி எப்படி கீது சார்?"

"நல்லாத்தான் இருக்கும்மா."

"இருக்கும். இனிமே அதுக்கு ஒரு நோவும் வராது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு அம்மாள் ஏறி என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

வேலூரில் பழகிய பிறகு என் கடைக்கும் அவர் புடவைக் கட்டோடு வந்து போவார். ஒரு முகூர்த்த சீசனில் பெண் வீட்டார் குடும்பமாக வந்து உட்கார்ந்திருக்க, விற்பனையாளர் புடவை புடவையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். புடவைக் கட்டை இறக்கிவிட்டு அவர் தூணோரம் நின்று என்னிடம் கிசுகிசுத்தார். "அந்தப் பொண்ணோட பெரியம்மா கீறாங்களே, அத்தினியும் பிரிச்சிப் பாத்துட்டு மொதல்ல காட்டின புடவையத்தான் கேக்கும். பந்தயம்." வழக்கமாக அப்படித்தான் நடக்கும், யாரும் அந்தப் பந்தயத்தில் தோற்கமாட்டார்கள். அன்றைக்குப் பெரியம்மா, பொம்மைக்குக் கட்டியிருந்த புடவையைக் கழற்றித் தரச் சொன்னாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த நேரம் பக்கத்து மேசையில் ஒரு பையன், வாடிக்கையாளர் கேட்டார் என்று புடவையிலிருந்து ரவிக்கைத் துணியை வெட்ட ஆரம்பித்தான். பட்டின் மேல் கத்தரிக்கோல் ஓடுகிற சத்தம்.

சிரிப்பு நின்றது. அவருக்கு வாங்கி வைத்திருந்த டீயைத் தொடாமல் வெளியே போய்விட்டார். அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன அவசரம் என்பது, என் மகனை அவர் டீக்கடைக்கு வரச் சொன்ன அன்றுதான் தெரிந்தது. செம்பருத்தி விஷயத்துக்குப் பிறகு நான்தான் அவனைக் கெஞ்சி அழைத்துவந்திருந்தேன். அவன் தலைகுனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவர் அவனை ஒன்றும் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னார்.

"என் வூட்டுக்காரரு இதே நோவுல போன பதினாறாம் நாளு தம்பி. தறியில பாதி நெய்ஞ்ச புடவை. மாம்பழக் கலரு, பச்சை பார்டரு. நான் நெய்ஞ்சது. எங்க மச்சாண்டாரு, அதான் அவரோட அண்ணன், கத்திரி எடுத்துகினு வந்தாரு. இவ கை பட்ட பாவுல இனிமே யாரு ஒக்காருவான்னு சொல்லிகினே வெட்டினாரு. பட்டுப் பாவு, லேசுல அறுந்துடுமா? கரக் கரக்னு... என்னை வெளிய தள்ளினது கூட மறந்து போச்சு. அந்தச் சத்தம் போவல."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"அப்பால ஒரு வருசம் ஆடினேன் பாரு ஆட்டம்! மாத்திரைய ஆத்துல போட்டேன். வெள்ளம் வந்தப்ப நானும் எறங்கினேன். நீச்சல் தெரியாது. யாரு கூப்பிட்டாலும் போனேன். அவன் நல்லவனா கெட்டவனா, பாதுகாப்பா இருக்கணுமா, ஒண்ணும் யோசிக்கல. ஒவ்வொரு வாட்டியும் பொழச்சி வந்து நிப்பேன். அதான் பேஜாரு. பொழச்சா ஜெயிச்ச மாதிரி. எவன்கிட்ட போயி வடை கேக்கறது?"

என் மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆஸ்பத்திரி கவுன்சிலிங் மேடம்தான் சொன்னாங்க. இது திமிரு இல்லம்மா, பட்ட அடி உள்ள கீது, அது பண்ற வேலைன்னு. நான் திமிருன்னே நெனச்சிகினு இருந்தேன். கொஞ்சம் பெருமையா கூட இருந்துச்சு, அது போச்சு. என் கையி சும்மா கெடக்காது தம்பி, எதையாவது வெச்சி ஆடணும். அதான் வடைக்கு எறங்கிட்டேன். வடையில தோத்தா வூட்டுக்குப் போலாம்."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா," என்றான் அவன். "எனக்கு பயம்னு ஒண்ணு இல்ல. அவ்ளோதான்."

"பயம் இல்லியா? பந்தயம். முட்டை தோசை." கையை நீட்டினார். "உன் மாத்திரைய எடு. இங்கயே போடு. பஸ் ஸ்டாண்டுல, எல்லாரும் பாக்கச் சொல்ல."

அவன் கை சட்டைப் பையின் மேல் போய் அங்கேயே நின்றது. பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள், பூக்காரி, கண்டக்டர்கள். அவன் நெற்றியில் வியர்வை வந்தது.

"லைட்ட அணைச்சிட்டு பாலத்துல போற ஆளு. இத்துணூண்டு மாத்திரைக்கு இப்படி ஆடிப் போயிட்டியே! எடு தோசைக் காச."

அன்றைக்கு அவன் தோற்றான். தோசை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடுகடுவென்று வீட்டுக்கு வந்தான். மறுநாள் அவனாகவே போனான். அவர் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தார். அவனைப் பார்த்ததும் தன் டப்பாவைத் திறந்து, ஏறியிருந்த அத்தனை பேர் முன்னாலும் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"இன்னாக்கா மாத்திரை?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"எளமையா இருக்கறதுக்கு."

"எங்க கெடைக்குது? எனக்கும் சொல்லேன்."

"உனக்கு எதுக்குடி? இப்பவே பேத்தியத் தூக்கிகினு போனா உம் பொண்ணான்னு கேக்கறாங்க."

வண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் மகன் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எதிர்க் கடை விளம்பரத் தட்டிக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றிருந்தேன். ஆட்டோ என் பக்கமாகத் திரும்பியபோது வேகத்தைக் குறைத்து, "சார், தட்டிக்குக் கீழ செருப்பு தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடம். கம்பெனி கேன்டீனில் போடு பார்க்கலாம் என்பார். போட்டான். பக்கத்து மேசைக்காரன் என்ன என்று கேட்டதற்கு விட்டமின் என்றானாம், அவன் எனக்கொன்று கொடு என்று கை நீட்டினானாம். படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் படியில், சொந்தக்காரர்கள் எல்லாம் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும்போது போட்டான். ஒவ்வொன்றுக்கும் அவர்தான் தோற்றார், அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அவன் கன்னம் உப்பியது. எனக்கு அதிலும் பயம்தான். யாராவது கண்டுபிடித்துவிட்டால்? எண்ணெய்ப் பலகாரமாகத் தின்கிறானே, கொழுப்பு ஏறிவிட்டால்? சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, வைரஸ் கணக்கில் வராத அளவுக்குக் குறைந்துவிட்டது, இப்படியே தினமும் சாப்பிட்டால் மற்றவர்களுக்கும் பரவாது என்று டாக்டர் சொன்னார். நான் அவரை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

ஆனாலும் அவன் பேசவில்லை. சிரித்தான், சாப்பிட்டான், டி.வி. பார்த்தான். உள்ளே என்ன இருக்கிறதோ அது அப்படியே இருந்தது. சில நாள் சாயங்காலம் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று தெருவையே பார்ப்பான். பாலம் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அவர் காணாமல் போனார். முள்ளிப்பட்டிலிருந்து புடவை கொண்டுவந்த ஒரு நெசவாளரின் மனைவி என் கடையில் சொன்னாள். "எப்பவும் வெளியவே வண்டிய ஓட விட்டுகினு நிப்பாங்க சார். அன்னிக்கு செம மழை, உள்ள வாக்கான்னு நான்தான் இழுத்துகினு போனேன். இவரு அந்த நேரம் பாத்து முடிச்ச புடவைய தறியில இருந்து வெட்டி எறக்கினாரு. அக்கா மொகம் அப்படியே வெளுத்துப் போச்சு. போயிட்டாங்க." போன் அணைந்திருந்தது. வீடு பூட்டியிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் சாவியை எடுத்தான். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினான். இன்னொன்றை என்னிடம் நீட்டினான்.

"ஏறுப்பா."

அவன் பைக்கில் அதற்கு முன் நான் உட்கார்ந்ததே இல்லை. இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"யப்பா, கைய எடு. கூச்சமா இருக்குது, வண்டி ஆடுது."

"நீ மொதல்ல மெதுவாப் போ."

"நடந்து போறவரு நம்மள தாண்டிப் போறாரு, பாக்கிறியா இல்லியா?"

உண்மைதான். அவ்வளவு மெதுவாகத்தான் ஓட்டினான். படவேட்டு மலையடிவாரத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அவன்தான் சொன்னான். பஸ் அதிகம் இல்லாத பக்கம், அங்கே போனால் யாரும் கை காட்டி ஏறமாட்டார்கள் என்று ஒருமுறை அவர் சொல்லியிருந்தாராம்.

பொழுது சாய்கிற நேரம். ஒரு வாழைத் தோப்பு ஓரம் ஆட்டோ நின்றிருந்தது. அவர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை மண்ணாக இருந்தது. பக்கத்தில் போனதும் சாராய வாடை வந்தது. மலைப் பாதையில் மேலே ஏறி, எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் வண்டியைக் கீழே விட்டிருக்கிறார். ஒரு முறை இல்லை, பல முறை என்று பிறகு சொன்னார்.

"வந்துட்டீங்களா சார்," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எல்லாத்துலயும் ஜெயிச்சிட்டேன்."

ஆஸ்பத்திரி, டாக்டர், ஆம்புலன்ஸ் என்று என்னென்னவோ வாய்க்கு வந்தது. என் மகன் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மாத்திரை?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். எத்தனை நாளாக என்று அவன் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தான். அவர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

"வண்டி ஓட்ட முடியாதுடா. கை நிக்க மாட்டேங்குது. நாளைக்கு கவுன்சிலிங் மேடத்தாண்ட என்னை இட்டுகினு போ. நானே போறேன்னு சொல்லுவேன், நம்பாத. இட்டுகினு போ."

"சரிக்கா."

அவரைத் தூக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்தான். பைக்கைத் தோப்புக்காரர் வீட்டில் நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

"நீ ஓட்டுப்பா."

"நானா? ஆட்டோவா?"

"கையில கியர் போடற ஸ்கூட்டர் வெச்சிருந்தியே, அதேதான். போ."

நான் ஓட்டினேன். முதல் கியரில் எஞ்சின் அலறியது, இரண்டாவதில் நின்றுபோனது. மூன்று சக்கரத்தில் எது எங்கே போகிறது என்று விளங்கவில்லை. எதிரே கரும்பு டிராக்டர் வந்தபோது குலதெய்வத்தின் பெயரைச் சத்தமாகவே சொன்னேன். மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் பின்னால் காதை வைக்க முடிந்தது.

அவர் பேசவில்லை. என் மகன் பேசிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு ரூம்ல அவங்க..." என்று கேட்டது. ஒரு லாரி கடந்து போனது. "...யார்கிட்டயும் சொன்னதில்லக்கா" என்று கேட்டது. அதற்குப் பிறகு எஞ்சின் சத்தத்தில் வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சில இடத்தில் உடைந்தது. சில இடத்தில் நின்று, திரும்பத் தொடங்கியது. நடுவில் அவர் "உம்" என்றார். கண்ணாடியை அவர்கள் பக்கம் திருப்பலாமா என்று கை போனது. எடுத்துக்கொண்டேன். எஞ்சினைக் கொஞ்சம் மெதுவாக்கினால் முழுதும் கேட்கும். நான் ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினேன்.

ஆரணி வந்தது. விளக்குகள் எரிந்தன. வேகத் தடையில் வண்டி குதித்தபோது பேச்சு நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. பஸ் நிலையத்து எதிரே இரண்டு பேர் கை காட்டி ஓடிவந்தார்கள்.

"முள்ளிப்பட்டு போவுமா?"

"போவாது," என்றேன்.

எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. வாசலில் அவன் அம்மா நின்றுகொண்டிருப்பாள். வண்டியை நிறுத்தினால் இறங்குவான், இறங்கினால் முகம் கழுவுவான், சோறு, குழம்பு, சரி, வேண்டாம். வண்டியில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது, அதை எங்கே பார்ப்பது, எனக்கு எதுவும் தெரியாது. ஆட்டோ ஓட்ட என்னிடம் லைசென்ஸ் இல்லை. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது.

நான் திரும்பவில்லை. வண்டியை நேராகச் செய்யார் சாலையில் விட்டேன். அவன் இன்னும் பேசி முடிக்கவில்லை.